மாளிகை விடுதியான கதை

யாழ்ப்பாண நகரின் தெற்கே, கடனீரேரியை நோக்கியவாறு அமைந்திருப்பது குருநகர். கரையூர் என்பது அதன் பழம்பெயர். விடியற்காலையில் வள்ளங்கள் கரை சேர்வதும், வலைகள் உலர்வதும், புனித யாகப்பர் ஆலயத்தின் மணியோசை கடற்காற்றோடு கலப்பதும் அவ்வூரின் அன்றாடக் காட்சிகள். அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் ஒல்லாந்தர் காலத்து நகரப் பகுதியாகிய பிரதான வீதி வரும். அதனையும் கடந்து கிழக்கே சென்றால் சுண்டுக்குளியில் பழைய பூங்கா என்னும் விரிந்த சோலை தென்படும். முதிர்ந்த மரங்களின் நிழலில் அங்கே கூரையிழந்த சுவர்கள் சில நின்றன. ஒரு காலத்தில் வடபகுதி முழுவதையும் ஆண்ட அதிகாரியின் வாசஸ்தலம் அமைந்திருந்த வளவு அது.

ஏறத்தாழ அதே காலத்தில், அதே ஆங்கில ஆட்சியின் பெரிய அதிகாரி ஒருவர் கொழும்புக்குத் தெற்கே கல்கிசையில் எழுப்பிய மாளிகையோ இன்றும் விளக்கொளியோடு விளங்குகின்றது. சுண்டுக்குளி வீடு இடிபாடாயிற்று. கல்கிசை வீடு விடுதியாயிற்று. ஒரு வீடு நிலைத்து நிற்பதும் அழிந்து போவதும் அதன் கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் பொறுத்தனவல்ல. அதனைக் கட்டியவர் போன பின்னர் அதற்கு வேறொரு பயன் கிடைத்ததா என்பதையும் பொறுத்தனவாகும். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பழைய வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. ஆகவே, இவ்விரு வீடுகளின் கதையை ஆராய்வது வீண்வேலையன்று.

முதலில் கல்கிசையைக் காண்போம். 1805 ஆம் ஆண்டு இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்தவர் சேர் தோமஸ் மெயிட்லண்ட். கோட்டைக்குள் இருந்த அரச வாசஸ்தலத்தின் வெக்கையும் நெருக்கமும் அவருக்கு ஒவ்வவில்லை. கொழும்புக்குத் தெற்கே ஏழு மைல் தொலைவில், கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறை மேட்டில் ஒரு நாட்டுப்புற வீட்டை அமைத்துக் கொண்டார். அது ஒரே தளத்தை உடைய எளிய வீடு. லவினியா என்னும் ஆடற்பெண் மீது அவர் காதல் கொண்டார் என்றும், அவள் வந்து போவதற்கென நிலவறைச் சுரங்கம் ஒன்று வெட்டப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அது கதையாகவே இருக்கட்டும். கட்டிடக் கலையை ஆராய்பவருக்கு அந்தச் சுரங்கத்தைவிட அந்தப் பாறை மேடே முக்கியமானது. மூன்று புறமும் காற்று வரும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அவ்வீட்டின் முதற்சிறப்பாகும்.

மெயிட்லண்ட் 1811 இல் இலங்கையை விட்டு நீங்கினார். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ், கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி அமைத்தவர். எதையும் பெரிதாகச் செய்யும் இயல்பினர். அவர் கல்கிசை வீட்டை விரிந்த மாளிகையாக மாற்றியமைத்தார். கிரேக்க, உரோமக் கட்டிடங்களின் ஒழுங்கைப் பின்பற்றிய தூண் வரிசை, குதிரை வண்டி வந்து நிற்கும் முகப்பு, உயர்ந்த நடுமண்டபம், கடலை நோக்கிய மேடை என அது வளர்ந்தது. ஆயினும் ஐரோப்பிய உருவத்துக்குள்ளே வெப்ப நாட்டின் தேவைகள் மறைந்திருந்தன. சுவர்கள் பருத்தவை; கூரைகள் உயர்ந்தவை; அறைகளைச் சுற்றி விறாந்தைகள் ஓடின. வெயில் சுவரைத் தொடுமுன் விறாந்தையின் நிழல் அதனைத் தடுத்தது. கடற்காற்று ஒரு வாயிலால் நுழைந்து மறு வாயிலால் வெளியேறியது.

இத்துணைச் செலவில் இன்னுமொரு மாளிகை எதற்கு என்று இலண்டனில் இருந்த மேலதிகாரிகள் முகஞ்சுளித்தனர். பார்ன்ஸ் நீங்கிய சில ஆண்டுகளில் அவ்வீடு அரசாங்கத்தின் கையைவிட்டும் போயிற்று. இவ்வாறு தலைவனை இழந்த மாளிகைகள் பொதுவாக எவ்வாறு முடியும் என்பது தெரிந்ததே. கூரை ஒழுகும், மரம் உளுக்கும், கதவும் நிலையும் கழற்றப்படும், பின்னர் கல்லும் பெயர்க்கப்படும். கல்கிசை மாளிகையை அந்த முடிவிலிருந்து காத்தது புகையிரதம் எனலாம். 1877 இல் கரையோரப் பாதை கல்கிசையை எட்டியது. கொழும்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரைக்கு வந்து சேரலாம் என்ற நிலை உண்டாயிற்று. அதே ஆண்டில் மாளிகை பயணிகள் விடுதியாகத் திறக்கப்பட்டது.

தனியொருவர் குடியிருந்த வீடு எவ்வாறு பலர் தங்கும் விடுதியாயிற்று? தேசாதிபதியின் நாட்டுப்புற வீடு உண்மையில் ஒரு குடும்பத்துக்கு மாத்திரம் உரிய வீடன்று. அங்கே நாள்தோறும் விருந்தினர் வருவர்; அவருடைய ஏவலாளரும் வருவர்; குதிரைகளும் வண்டிகளும் வந்து நிற்கும். ஆகவே, பெரிய உணவு மண்டபம், தனித்தனியே வாயிலுடைய அறைகள், புகை உள்ளே வராதவாறு விலகி நின்ற சமையற்கூடம், ஏவலாளர் குடியிருப்பு ஆகியவை முன்பே அங்கு இருந்தன. விடுதி நடத்துவோருக்கு இவை அனைத்தும் ஆயத்தமாகக் கிடைத்தன. குதிரை வண்டி நின்ற முகப்பில் பின்னாளில் மோட்டார் வண்டி வந்து நின்றது. விருந்து நடந்த மண்டபத்தில் கட்டணம் செலுத்தியோர் உண்டனர். வீடு தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. விருந்தினரை மாத்திரம் மாற்றிக்கொண்டது.

ஆனால், இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. விடுதி என்பது வாணிகம். அறைகளின் தொகை கூடினாலன்றி வரவு கூடாது. ஆகவே, 20 ஆம் நூற்றாண்டில் பழைய மாளிகையின் பக்கங்களில் புதிய பகுதிகள் எழுந்தன. இன்று அங்கு செல்வோர் காணும் கட்டிடத்தில் பார்ன்ஸின் மாளிகை நடுப்பகுதி மாத்திரமே. டேவிட் லீன் நெறிப்படுத்தி 1957 இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்’ என்ற திரைப்படத்தில் அம்முகப்பைக் காணலாம். படத்தில் அது படையினரின் மருத்துவமனையாக வருகின்றது. நுவரெலியாவிலும் இதே வரலாறுதான். பார்ன்ஸ் அங்கே குளிர்காயக் கட்டிய மலைநாட்டு வீடு 1890களில் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. மாடிகளும் பக்கங்களும் சேரச் சேர, மூல வீடு எது என்று தேடிக் காண வேண்டிய நிலை வந்தது. உடல் பருத்தது, உயிர் தங்கியது.

வளராமலே விடுதியான வீடும் இலங்கையில் உண்டு. வழக்கறிஞராயிருந்த ஜெஃப்ரி பாவா 1948 இல் பெந்தோட்டைக்கு அண்மையில், தெத்துவை ஏரிக்கரையில் ஒரு றப்பர்த் தோட்டத்தை வாங்கினார். லுணுகங்க என்று அதற்குப் பெயரிட்டார். அங்கிருந்த பழைய பங்களாவைத் திருத்தும் ஆசையே அவரைக் கட்டிடக் கலைஞராக்கியது. வாயிலை இடம் மாற்றி, குன்றின் உச்சியைத் தாழ்த்தி, மரக்கிளைகளை வளைத்து, 2003 இல் இறக்கும் வரை ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவ்வீட்டையும் தோட்டத்தையும் உருவாக்கிக்கொண்டே இருந்தார். இன்று அங்கே விருந்தினர் தங்குகின்றனர். ஆனால், அறைகள் சிலவே. தோட்டத்தின் நடுவே மாடிக் கட்டிடம் எதுவும் எழவில்லை. வருமானம் பராமரிப்புக்குப் போதும் என்ற அளவில் நிற்பவர் வீட்டைக் காக்கின்றார். அளவு கடப்பவர் வீட்டின் பெயரை மட்டும் காக்கின்றார்.

இனிச் சுண்டுக்குளிக்குத் திரும்பலாம். பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர் 1829 இல் யாழ்ப்பாணத்தின் அரசாங்க அதிபரானார். 1867 இல் இறக்கும் வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் இப்பகுதியை ஆண்டார். வடபகுதியின் ராசா என்று சொல்லப்படும் அளவுக்கு அவருடைய ஆணை செல்லுபடியாயிற்று. சுண்டுக்குளியில் வெட்டவெளியாய்க் கிடந்த நிலத்தைத் திருத்திப் பலவகை மரங்களை நட்டு, அவற்றின் நடுவே வாசஸ்தலம் அமைத்தவர் அவரே. மெயிட்லண்ட் கடற்காற்றைத் தேடிப் பாறைக்குப் போனார். டைக்கோ ஆறும் மலையும் இல்லாத தட்டை நிலத்தில் நிழலையே விதைத்து வளர்த்தார். பொருளாலும் பயனாலும் இருவர் செய்ததும் ஒன்றே: வெப்பத்தினின்றும் தப்புதல்.

அவருக்குப் பின்னரும் அது அரசாங்க வளவாகவே நீடித்தது. அதிகாரி உள்ளளவும் வீடு வாழ்ந்தது. ஆனால், அதிகாரத்தைத் தவிர வேறு பயன் அதற்கு வாய்க்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர் யாழ்ப்பாண நகரைச் சூழ்ந்தபோது பூங்காவின் பழைய கட்டிடங்கள் கூரையும் கதவுமின்றிப் பாழாயின. போர் நேர்ந்திராவிட்டால் அவை நின்றிருக்கக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் போருக்குப் பின் மீள எழுந்த கட்டிடங்களைப் பார்த்தால், திரும்பி வந்து உரிமை பாராட்டியவர் இருந்த வீடுகளே எழுந்தன என்பது புலனாகும். டைக் நட்ட சோலைக்கு நிழல் தேடுவோர் இருந்தனர், அது பிழைத்தது. வீட்டுக்கு அத்தகையவர் இல்லை.

இவை ஆட்சியாளரின் வீடுகள். யாழ்ப்பாணத்தாரின் சொந்த வீடுகள் எத்தகையவை? குடாநாட்டின் பழைய வசதியான இல்லம் நாற்சார் வீடு. நடுவே வானம் தெரியும் முற்றம். அதனைச் சுற்றி நான்கு புறமும் விறாந்தை. விறாந்தைக்கு அப்பால் அறைகள். மாரியில் நான்கு கூரைகளின் நீரும் முற்றத்தில் விழுந்து பீலி வழியே வெளியேறும். கோடையில் முற்றத்தின் சுடுகாற்று மேலெழ, நிழலில் குளிர்ந்த காற்று அறைகளினூடாக அதன் இடத்துக்கு வரும். வாடையையும் சோளகத்தையும் அறிந்தவர்கள் வாயில்களை நேருக்கு நேராக வைத்தனர். சுவருக்குச் சுண்ணக்கல், சாந்துக்குச் சுண்ணாம்பு, கூரைக்கு வைரம் ஏறிய பனஞ்சலாகை. முன்னாளில் ஓலை வேய்ந்த கூரை பின்னாளில் ஓட்டுக்கு மாறியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்து போன சுவடு வீட்டுச் சொற்களிலேயே உண்டு. ஜன்னலும் குசினியும் அலுமாரியும் கதிரையும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. சொற்கள் வந்தன, முற்றம் போகவில்லை.

அவ்வீடுகளில் ஒரு தனிச்சிறப்பான உறுப்பு உண்டு. வளவின் வாயிலில், வேலிக்கும் வீதிக்கும் இடையே, சிறு கூரையிட்ட படலை ஒன்று நிற்கும். அதனைச் சங்கடப்படலை என்பர். இருபுறமும் அமர்வதற்குத் திண்ணை. ஒரு பக்கம் தண்ணீர்க் குடம். வெயிலில் வந்த வழிப்போக்கன் யாரையும் கேளாமல் அங்கே அமர்ந்து களைப்பாறலாம், தண்ணீர் அருந்தலாம், எழுந்து போகலாம். வீட்டார் அவன் பெயரையும் கேட்பதில்லை. பருத்தித்துறையில் வீதியின் மீதே கூரையிட்டு நிற்கும் தெருமூடிமடமும் இந்த மனப்பான்மையின் பெரு வடிவமே. அந்நியனுக்கு ஓர் இடம் என்பது கல்கிசையில் விடுதி வந்த பின் தோன்றியது. யாழ்ப்பாண வீட்டிலோ வீடு கட்டும்போதே அதற்கு நிலம் ஒதுக்கப்பட்டது. ஆகவே, யாழ்ப்பாணத்து வீடு விருந்தினர் விடுதியாவது அதன் இயல்புக்கு மாறான செயலன்று.

2009 இல் போர் முடிந்த பின்னர் இம்மாற்றம் குடாநாட்டிலும் தொடங்கியது. சுன்னாகம் போன்ற ஊர்களில் பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாயின. ஏனையவற்றின் உரிமையாளர் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். சாவி அயலவர் கையில் இருக்கும். முற்றத்தில் புல் முளைத்திருக்கும். இதே நிலை தமிழகத்தின் செட்டிநாட்டுக்கு முன்னரே நேர்ந்தது. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருளால், பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் கொண்டு பெருமனைகளைக் கட்டினர். இரண்டாம் உலகப் போரில் பர்மா வாணிகம் குலைந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் கடல் கடந்தும் சென்றனர். ஒரு மனைக்குப் பல பங்காளிகள், பராமரிக்கப் பொருளில்லை. பல மனைகள் இடிக்கப்பட்டுத் தூணும் கதவும் விற்பனைக்குப் போயின. பிற்காலத்தில் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சில மனைகள் விடுதிகளாயின. அவை இன்று நிற்கின்றன. தூணை விற்றவருக்கு ஒருமுறை பணம் வந்தது. விருந்தினரை ஏற்றவருக்கு வீடும் எஞ்சியது.

எனினும் விடுதியாக்கிவிட்டால் எல்லாம் காக்கப்பட்டது என்று எண்ணுதல் தவறு. மாற்றும் முறையிலேதான் நன்மையும் தீமையும் இருக்கின்றன. முதலாவது, முற்றம். குளிரூட்டும் பொறியை வைப்பதற்காக முற்றத்தைக் கண்ணாடியால் மூடினால் வீட்டின் மூச்சு அடைபடும். அறைக்குள் பொறி குளிர்விக்கும். விறாந்தையோ வெந்து கிடக்கும். நாற்சார் வீட்டில் முற்றத்தை மூடுவது கிணற்றைத் தூர்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, சுவர். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையது. பழைய சுவர் பொரிந்துவிட்டதென்று அதன்மேல் சீமெந்து பூசுவோர், அந்த ஈரத்தையும் நிலத்திலிருந்து ஏறிய உப்பையும் உள்ளே அடைத்துவிடுகின்றனர். சில மாரிகள் கழிந்ததும் சீமெந்து பாளமாகப் பெயரும்; அதனோடு கல்லும் கரையும். குருநகர் போலக் கடனீரேரிக் காற்றுப் படும் இடங்களில் இத்தீங்கு இன்னும் விரைவில் நேரும். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பே மருந்து. அதனைக் குழைக்கத் தெரிந்த மேசன்மாரும் பனஞ்சலாகை ஏற்றத் தெரிந்த தச்சரும் இருக்கும்போதே அத்தொழிலை இளையோர் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதும் முதன்மையானதும் தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் துளைகளில் இறங்கி, கடலின் உப்புநீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகின்றது. கிணறுகளின் உயிர் அதுவே. அளவு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலெழும். பழைய வீட்டில் துலா மிதித்து இறைத்த நீர் ஒரு குடும்பத்துக்குரியது. அதே வீட்டில் பத்து அறைகளும் பத்துக் குளியலறைகளும் அமைத்து, இயந்திரத்தால் இறைத்தால் அயல் வீட்டுக் கிணறும் கெடும். கழிவுக்குழி கிணற்றை அண்மினாலும் அவ்வாறே. சுண்ணக்கல்லில் அழுக்கு வடிகட்டப்படாமல் வெகுதூரம் செல்லும். ஆகவே, விடுதிக்கு எத்தனை அறைகள் வேண்டும் என்பதை வரவு செலவுக் கணக்குக்கு முன்னர்க் கிணறே சொல்ல வேண்டும்.

இம்மூன்றையும் பேணியவர் வீட்டைப் பேணியவராவர். வாழ்ந்தவர் போன வீடு அயலவருக்கு வேலை தரும். ஊரிலே விளைந்த அரிசிக்கும் குருநகர் வள்ளங்கள் கொண்டுவரும் மீனுக்கும் நண்டுக்கும் விலை தரும். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பாட்டன் வீட்டைத் தேடி வரும்போது திறந்து காட்ட ஒரு வாயிலையும் தரும். கட்டணம் கொடுத்தே அவர்கள் அங்கு தங்க வேண்டியிருக்கலாம். அதில் ஒரு துயரம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. தன் வீட்டில் தான் விருந்தினனாவது எளிதில் ஏற்கக்கூடியதன்று. ஆயினும் இடிந்த சுவருக்கு முன் நின்று, இங்கேதான் அடுக்களை இருந்தது, இங்கேதான் கிணற்றடி இருந்தது என்று கைகாட்டுவதைவிட அது மேலானது.

கல்கிசை மாளிகையில் மாலைதோறும் விளக்கேற்றப்படுகின்றது. சுண்டுக்குளியில் டைக் நட்ட மரங்களிலே பறவைகள் அடைகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே, குடாநாட்டின் ஒழுங்கைகளில் இன்னும் கூரையோடு நிற்கும் வீடுகள் இருக்கின்றன. அவற்றின் படலைகளில் துருவேறிய பூட்டுகள் தொங்குகின்றன. சாவி எங்கோ தொலைதேசத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றது. அடுத்த மாரிக்குமுன் அதனை எடுத்து அனுப்புவதா, இல்லையா என்பதே அந்த வீடுகளுக்கு உரியவர்கள் இப்பொழுது தீர்மானிக்க வேண்டியது.